கல்லுக்கும் நோய் வருமா?

நிலையான பொருளுக்கு நாம் எப்போதும் கல்லைத்தான் உவமையாகச் சொல்கிறோம். கல்லில் வெட்டிய எழுத்து அழியாது என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கையினால்தான் நம் முன்னோர்கள் கொடைகளையும் ஊர்ச் சபையின் முடிவுகளையும் கோயில் சுவர்களில் வெட்டி வைத்தார்கள். ஆனால் கல் உண்மையிலேயே அழியாத பொருளா?

வத்திராயிருப்பை அடுத்த கூமாப்பட்டியில் நின்று மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் எழுந்து நிற்பதைக் காணலாம். மலையடிவாரத்தில் பிளவக்கல் அணை. அதன் கீழே நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும். இந்த வயல்களின் மண் எங்கிருந்து வந்தது? அந்த மலையிலிருந்துதான். வெயிலும் மழையும் பாறையைச் சிறுகச் சிறுகச் சிதைத்தன. ஓடைகள் அதை அடித்துக் கொண்டுவந்து சேர்த்தன. மலை மண்ணாவதற்குப் பெயர் பாறைச் சிதைவு. அது நடந்திராவிட்டால் வயலும் இல்லை, தோப்பும் இல்லை, நாமும் இல்லை.

அதே மலைக் கல்லைச் செதுக்கிக் கோயிலாகவோ கோட்டையாகவோ மாதா கோயிலாகவோ கட்டிவிட்டால் சிதைவு நின்றுவிடுமா? நிற்காது. கட்டடம் என்பதற்காக வெயிலும் மழையும் விலகிப் போவதில்லை. ஆகவே, பழைய கல் கட்டடங்களைக் காப்பது என்பது இயற்கை இடைவிடாமல் நடத்தி வரும் ஒரு வேலையைத் தாமதப்படுத்துவதாகும். இதற்கு முதலில் நோயை அறிய வேண்டும். பிறகுதான் மருந்து. நோயறியாமல் கொடுத்த மருந்து நோயைவிடக் கொடியதாக முடிந்த கதைகள் பல உண்டு. அவற்றையும் பார்ப்போம்.

கல்லுக்குள் என்ன இருக்கிறது?

கருங்கல்லின் உடைந்த பக்கம் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். கண்ணாடிபோல் மின்னும் மணிகள் குவார்ட்ஸ். வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பவை பெல்ஸ்பார். சிறு தகடுகளாகப் பளபளப்பது மைக்கா. கிராமத்தில் இதைக் காக்காய்ப்பொன் என்பார்கள். ஆகக் கருங்கல் என்பது ஒரே பொருள் அன்று. பல கனிமங்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் ஒரு கூட்டம்.

இந்தக் கனிமங்கள் எல்லாம் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை. பகலில் ஒன்று அதிகமாகவும் மற்றொன்று குறைவாகவும் விரிகிறது. இரவில் அவ்வாறே சுருங்குகிறது. ஒவ்வொரு நாளும் இந்த இழுபறி நடப்பதால் மணிகளுக்கிடையே மயிரிழை போன்ற பிளவுகள் தோன்றுகின்றன. மொத்தக் கல்லையே எடுத்துக் கொண்டாலும், கருங்கல்லின் நீள விரிவு எண் டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 0.000008 ஆகும். 10 மீட்டர் நீளமுள்ள கல்வரிசை ஒன்றின் வெப்பநிலை 30 டிகிரி உயர்ந்தால் அதன் நீளம் 2.4 மில்லிமீட்டர் கூடும். தினந்தோறும் 2.4 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும் சுவருக்கு அசைய இடம் வேண்டாமா? இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் பயன்படும்.

மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக் கொள்வதால் அது மிக மெல்லிய அமிலமாகிறது. இந்த நீர் பிளவுகளில் நுழைந்து பெல்ஸ்பாரை மெல்ல மெல்லக் களிமண்ணாக மாற்றிவிடுகிறது. குவார்ட்ஸ் மாறுவதில்லை, பிடிப்பை இழந்து மணலாக உதிர்கிறது. நம் ஆற்று மணல் பெரும்பாலும் இப்படி உதிர்ந்த குவார்ட்ஸ்தான்.

மேல்நோக்கி ஏறும் நீர்

கல்லின் நோய்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றே; அது நீர். மேலிருந்து விழும் மழை நம் கண்ணுக்குத் தெரியும். கீழிருந்து ஏறும் நீர் தெரிவதில்லை. பழைய வீட்டுச் சுவரின் அடிப்பகுதியில் பூச்சுப் பொரிந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். 'சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது' என்று பெரியவர்கள் சொல்வார்கள். இயற்பியலில் இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர்.

மெல்லிய கண்ணாடிக் குழாயை நீரில் நிறுத்தினால் குழாய்க்குள் நீர் தானாக மேலேறுகிறது. பரப்பு இழுவிசை அதை மேலே இழுக்கிறது. குழாய் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு உயரம் நீர் ஏறும். ஆரம் 0.1 மில்லிமீட்டர் என்றால் ஏறும் உயரம் ஏறத்தாழ 15 செ.மீ. ஆரம் அதில் நூற்றில் ஒரு பங்கானால், அதாவது 0.001 மில்லிமீட்டரானால், கணக்குப்படி 15 மீட்டர் வரை ஏற வேண்டும்! செங்கல்லிலும் சாந்திலும் இத்தகைய நுண்துளைகள் ஏராளம். ஆயினும் சுவர்களில் நீர் அத்தனை உயரம் ஏறிவிடுவதில்லை. ஏறும் வழியிலேயே சுவரின் முகப்பிலிருந்து ஆவியாகிக் கொண்டே இருக்கிறது. கீழிருந்து எவ்வளவு நீர் வருகிறதோ அவ்வளவும் ஆவியாகிவிடும் உயரத்தில் ஈரம் நின்றுவிடுகிறது.

கருங்கல்லில் துளைகள் மிகக் குறைவாயிற்றே, அதில் எப்படி ஓதம் ஏறும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. நம் கோயில் மதில்கள் பலவற்றில் இரு முகங்களில் மட்டுமே கருங்கல் இருக்கும். நடுவில் செங்கல் துண்டும் மண்ணும் சுண்ணாம்பும் இட்டு நிரப்பியிருப்பார்கள். நீர் அந்த நடுப்பகுதி வழியாக ஏறிக் கல் இணைப்புகளின் வழியே வெளிவருகிறது.

உப்பு செய்யும் வேலை

நிலத்தடி நீர் தனியாக ஏறுவதில்லை. கரைந்த உப்புகளையும் சுமந்து கொண்டு ஏறுகிறது. நீர் ஆவியாகிறது; உப்பு தங்கிவிடுகிறது. சுவரின் மேற்பரப்பில் தங்கினால் வெள்ளைப் பொடியாக உவர் பூக்கும். அதைத் தட்டிவிடலாம். கல்லின் தோலுக்குச் சற்று உள்ளே தங்கினால்தான் ஆபத்து. அங்கே உப்புப் படிகம் வளரும்போது துளையின் சுவர்களை நெட்டித் தள்ளுகிறது. அந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் பல மடங்கு இருக்கக்கூடும். மழைக்காலத்தில் உப்புக் கரைகிறது; வெயிலில் மீண்டும் படிகமாகிறது. ஒவ்வொரு முறையும் கல்லின் தோல் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பிப் பொருக்காக உதிர்கிறது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நன்கு வெந்த செங்கல் துண்டு ஒன்றை ஒரு தட்டில் நிறுத்துங்கள். தட்டில் விரற்கடை உயரத்துக்குச் செறிந்த உப்புநீர் ஊற்றுங்கள். நீர் குறையக் குறைய ஊற்றி வாருங்கள். இரண்டு வாரங்களில் செங்கல்லின் மேல் பகுதியில் வெண்மையாக உப்புப் பூக்கும். ஆணியால் சுரண்டிப் பாருங்கள். உப்புப் பூத்த இடத்தில் செங்கல் எளிதாக உதிர்வதைச் சில வாரங்கள் கழித்துக் காண முடியும். நீர் தொட்ட அடிப்பகுதியைவிட, நீர் ஆவியான மேற்பகுதிதான் அதிகம் கெட்டிருக்கும் என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள்.

உப்பின் வேலையைப் பெரிய அளவில் காண மாமல்லபுரம் செல்ல வேண்டும். அங்குள்ள கடற்கரைக் கோயில் பல்லவ மன்னன் இராஜசிம்மன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக உப்புக் காற்று அதன்மேல் வீசி வருகிறது. வெளிப்புறச் சிற்பங்கள் பலவற்றில் முகமும் அணிகளும் தேய்ந்து வெறும் வடிவம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாக மாமல்லபுரம் சேர்க்கப்பட்டது.

இந்திய தொல்லியல் துறை இங்கே செய்துள்ள வைத்தியம் மிகவும் எளிய இயற்பியல். அலைகள் நேரே மோதாதபடி கற்களைக் கொட்டித் தடுப்பு அமைத்தார்கள். காற்றின் வேகத்தைத் தணிக்கச் சவுக்கு மரங்கள் நட்டார்கள். கல்லில் ஏற்கெனவே ஏறியிருந்த உப்பை எப்படி எடுப்பது? காகிதக் கூழை நல்ல நீரில் நனைத்துக் கல்லின்மேல் அப்பி விடுகிறார்கள். கூழின் நீர் கல்லுக்குள் சென்று உப்பைக் கரைக்கிறது. பிறகு ஆவியாவது கூழின் வெளிப்பரப்பில். ஆகவே உப்பு கல்லை விட்டுக் கூழுக்கு வந்து சேருகிறது. காய்ந்த கூழை உரித்து எடுத்துவிட்டு மறுபடியும் அப்புகிறார்கள். எந்த நுண்புழை ஏற்றம் கல்லைக் கெடுத்ததோ அதையே கொண்டு கல்லைக் குணப்படுத்துகிறார்கள் பாருங்கள்!

இரும்பினால் வந்த வினை

இனி, தவறான மருந்துகளைப் பார்ப்போம். கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் உள்ள பார்த்தினான் கோயில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பளிங்குக் கல்லால் கட்டப்பட்டது. கற்களை ஒன்றோடொன்று பிணைக்க அக்காலத்துக் கட்டடக் கலைஞர்கள் இரும்புக் கவ்விகளைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அவற்றைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். ஈயம் நீரைத் தடுத்தது. மென்மையான உலோகமாதலால் அசைவுக்கும் இடம் கொடுத்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கவ்விகளில் பல கெடாமல் இருந்தன.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விழுந்து கிடந்த தூண்களை மீண்டும் நிறுத்தியபோது இரும்புக் கவ்விகளை ஈயமில்லாமலே வைத்தார்கள். இரும்பு துருப்பிடித்தது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைக்கும். விளைவு, கவ்விகள் பளிங்கைப் பிளந்தன. பல ஆண்டுகளாக நடந்து வந்த பிந்தைய சீரமைப்பில் அவற்றையெல்லாம் எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத டைட்டானியத்தைப் பொருத்தியிருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டு வெயிலும் மழையும் செய்யாத சேதத்தை ஐம்பது அறுபது ஆண்டுகளில் ஒரு பழுதுபார்ப்பு செய்துவிட்டது.

சுண்ணாம்பும் சிமெண்டும்

இரும்பைப் போலவே நல்லெண்ணத்துடன் பயன்படுத்தப்படும் இன்னொரு பொருள் சிமெண்டு. புதுக் கட்டடத்துக்குச் சிமெண்டு சிறந்த பொருள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பழைய கல் கட்டடத்தின் இணைப்புகளில் சிமெண்டைப் பூசுவது ஏன் தவறு என்று பார்ப்போம். அதற்கு முதலில் சுண்ணாம்பைப் பற்றித் தெரிந்து கொள்ள வேண்டும்.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 டிகிரி செல்சியசுக்குச் சுட்டால் கரியமில வாயு வெளியேறுகிறது. தூய சுண்ணாம்புக் கல் 100 கிலோ சுட்டால் 44 கிலோ வாயு போய் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். இதனுடன் 18 கிலோ நீர் சேர்ந்தால் 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பு. இதை மணலோடு அரைத்துச் சாந்தாகப் பூசுகிறோம். நம் கொத்தனார்கள் கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைப்பார்கள். பூசிய சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சுகிறது. 44 கிலோ வாயு உள்ளே வர, 18 கிலோ நீர் வெளியே போக, மீண்டும் அதே 100 கிலோ சுண்ணாம்புக் கல்! கல்லாக இருந்தது சாந்தாகி மறுபடியும் கல்லாகிறது. இது முற்றுப் பெறப் பல மாதங்கள், சில சமயம் பல ஆண்டுகள் ஆகும்.

இப்படி உண்டான காரை எவ்வளவு காலம் நிற்கும்? சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் உள்ள தூய மேரி ஆலயம் 1680இல் திறக்கப்பட்டது. நான்கு அடி கனமுள்ள சுவர்கள். மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வளைத்த கூரை. உத்தரம் கிடையாது. 1758-59இல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோதும் அந்தக் கூரை தாங்கி நின்றது. சுண்ணாம்புக் காரை என்றால் பலமற்றது என்று எண்ணிவிட வேண்டாம்.

ஆனால் சுண்ணாம்புக் காரை சிமெண்டைவிட மென்மையானது என்பது உண்மை. அந்த மென்மைதான் அதன் சிறப்பு. கல்வரிசை ஒரு நாளில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும் என்று கணக்கிட்டோம் அல்லவா? இணைப்புகளில் மென்மையான காரை இருந்தால் அது நசுங்கி இடம் கொடுக்கும். சிறு பிளவு விழுந்தாலும் நீரில் கரைந்து வரும் சுண்ணாம்பு அதை ஓரளவு தானே மூடிவிடும். கல்லைவிடக் கடினமான சிமெண்டு இருந்தால் அது இடம் கொடாது. கல்லின் விளிம்புதான் உடையும்.

இரண்டாவது காரணம் ஈரம். சுண்ணாம்புக் காரையின் நுண்துளைகள் வழியே சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேறுகிறது. உப்பும் காரையிலேயே தங்குகிறது. இருபது முப்பது ஆண்டுகளில் காரை கெடும். அதைச் சுரண்டிவிட்டுப் புதுக் காரை பூசலாம். சிமெண்டு அந்த வாயிலை அடைத்துவிடுகிறது. நீர் வேறு வழியின்றிக் கல்லின் வழியாக வெளியேறப் பார்க்கும். உப்பு கல்லில் தங்கும். போதாக்குறைக்குச் சிமெண்டிலும் கரையும் உப்புகள் உண்டு. காரை கெட்டால் மாற்றலாம்; சிற்பம் கெட்டால் மாற்ற முடியாது. ஆகவே பழுதுபார்க்கும் பொருள் கல்லைவிட வலிமை குறைந்ததாக இருக்க வேண்டும். முதலில் கேட்க விந்தையாக இருந்தாலும் இதுவே கல் வைத்தியத்தின் முதல் விதி.

உடையைக் களைந்த ஆலயம்

கோவாவில் உள்ள பாம் ஜீசஸ் பேராலயம் 1594இல் கட்டத் தொடங்கி 1605இல் அர்ச்சிக்கப்பட்டது. புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் இங்கேதான் வைக்கப்பட்டுள்ளது. இதன் சுவர்கள் செம்புரைக்கல்லால் ஆனவை. இந்தக் கல் வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட்டபின் இறுகும். ஆனால் துளைகள் நிறைந்தது. பஞ்சுபோல் நீரை உறிஞ்சும். கோவாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 300 செ.மீ. மழை பெய்கிறது. இதை அறிந்துதான் கட்டியவர்கள் சுவர் முழுவதும் சுண்ணாம்புக் காரை பூசி வைத்தார்கள்.

1950களில், கோவா போர்ச்சுக்கீசியர் ஆட்சியில் இருந்தபோது, வெளிப்பூச்சை உரித்தெடுத்துவிட்டார்கள். கல் வெளியே தெரிந்தால் பழமையான தோற்றம் கிடைக்கும் என்பது எண்ணம். சிவந்த அந்தக் கல் முகப்பு உலகெங்கும் புகழ் பெற்றது. ஆனால் அன்று முதல் ஒவ்வொரு மழைக்காலமும் அந்தக் கல்லை நேரடியாகத் தாக்குகிறது. கல் அரிக்கப்படுகிறது. மீண்டும் காரை பூச வேண்டும் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். மக்கள் மனத்தில் பதிந்துவிட்ட சிவப்புத் தோற்றத்தை மாற்றக் கூடாது என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். எந்தத் தோற்றம் 'உண்மையான' தோற்றம் என்பதை அறிவியல் மட்டும் முடிவு செய்துவிட முடியாது. பூச்சில்லாத செம்புரைக்கல்லுக்கு மழையில் என்ன நேரும் என்பதை மட்டும் அறிவியல் ஐயமின்றிச் சொல்லும்.

இதற்கு மாறான கதை தஞ்சைப் பெரிய கோயிலில் நடந்தது. இராஜராஜ சோழன் காலத்தில் கருவறையைச் சுற்றியுள்ள சுவர்களில் தீட்டிய ஓவியங்களின்மேல், நாயக்கர் காலத்தில் புதிதாகக் காரை பூசி வேறு ஓவியங்கள் தீட்டினார்கள். சோழர் ஓவியங்கள் இருப்பதே மறந்து போயிற்று. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டறிந்தார். மேலே பூசிய காரைதான் அவற்றைப் புகையிலிருந்தும் கைகளிலிருந்தும் காத்து வைத்திருந்தது. இப்போது ஒரு சிக்கல். சோழர் ஓவியத்தைக் காண நாயக்கர் ஓவியத்தை அழிப்பதா? அதுவும் வரலாறுதானே? தொல்லியல் துறையினர் மேல் ஓவியத்தைக் காரையோடு சேர்த்துப் பக்குவமாகப் பெயர்த்தெடுத்துத் தனிப் பலகையில் பொருத்தினார்கள். இரண்டும் பிழைத்தன.

மணலை வீசினால் என்ன ஆகும்?

நம் ஊர்க் கோயில்களில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவது வழக்கம். இது நல்ல வழக்கம். கட்டடத்தைக் குறிப்பிட்ட காலத்தில் பார்த்துப் பழுது நீக்க வேண்டும் என்ற விதியைச் சமயத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் 192 அடி உயரமுள்ள பதினோரு நிலைக் கோபுரத்தைப் போன்ற கட்டடங்கள் நூற்றாண்டுகளாக நிலைத்திருப்பதற்கு இத்தகைய இடைவிடாத கவனமே காரணம். கோயில் அருங்காட்சியகம் அன்று. விளக்கெரியும், அபிஷேகம் நடக்கும், மக்கள் கூடும் இடம். அதைப் பயன்படுத்திக் கொண்டேதான் காக்க வேண்டும்.

ஆனால் கல்லில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் பழைய சுண்ணாம்பையும் விரைவாக நீக்குவதற்காக ஒரு முறை புகுந்தது. காற்றை அழுத்தி, அதோடு மணலைச் சேர்த்துக் குழாய் வழியே கல்லின்மேல் பீய்ச்சுவார்கள். சில மணி நேரத்தில் கல் புதிதுபோல் வெளுத்துவிடும். மணல் என்பது என்ன? குவார்ட்ஸ். கருங்கல்லில் உள்ள கனிமங்களிலேயே மிகவும் கடினமானது அதுதான். பெல்ஸ்பாரும் மைக்காவும் அதைவிட மென்மையானவை. ஆகவே மணல் அழுக்கை மட்டும் எடுப்பதில்லை. கல்லின் தோலையும் செதுக்கி எடுத்துவிடுகிறது. கல்வெட்டு எழுத்துகளின் ஆழம் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்கள்தான். சிற்பத்தின் கண்ணிமையும் விரல் நகமும் அதைவிடக் குறைவு. சொரசொரப்பாகிப் போன கல்லில் முன்னைவிட எளிதாக அழுக்கும் ஈரமும் தங்கும். தமிழ்நாட்டுக் கோயில்களில் இந்த மணல்வீச்சு முறைக்குத் தடை விதிக்கப்பட்டுள்ளது. 2021 ஜூன் 7ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றமும் கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காப்பது பற்றி 75 வழிகாட்டுதல்கள் அடங்கிய தீர்ப்பை வழங்கியது.

பிசுக்கை எப்படித்தான் நீக்குவது? நீர், மென்மையான நார்த் தூரிகை, பொறுமை ஆகிய மூன்றும் முதல் மருந்துகள். அவற்றுக்கு அசையாத கறைக்கே வேறு பொருள்கள், அதுவும் ஒரு மூலையில் சோதித்துப் பார்த்த பிறகு. ஆக்ராவில் தாஜ்மகாலின் மஞ்சளடைந்த பளிங்குக்கு முல்தானி மிட்டி எனும் களிமண்ணைக் குழைத்து அப்புகிறார்கள். காய்ந்ததும் அழுக்கை உறிஞ்சிக் கொண்டு அது கழன்று வருகிறது. பெண்கள் முகத்துக்குப் பூசும் அதே மண்தான்.

அரச மரக் கன்றும் விரிசலும்

கோபுர நிலைகளில் அரசும் ஆலும் முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பறவையின் எச்சத்தோடு விழுந்த விதை, காரை இணைப்பில் கொஞ்சம் ஈரம் கிடைத்தால் முளைத்துவிடும். வேர் பருக்கும்போது கல்லையே நகர்த்தும். செடியை மேலோடு வெட்டிவிட்டால் வேர் உள்ளே இருந்து மீண்டும் தழைத்து, முன்னைவிடத் தடித்து வளரும். பலங்கொண்டு இழுத்தால் வேரோடு காரையும் பெயர்ந்து வரும். விரல் நீளக் கன்றாக இருக்கும்போதே எடுப்பதுதான் எளிய வழி. மரமாகிவிட்டால் வேரைக் கொல்லும் மருந்து செலுத்தி, அது பட்டுப்போன பின் எடுத்து, உண்டான பள்ளத்தைச் சுண்ணாம்புக் காரையால் நிரப்ப வேண்டும்.

விரிசல்களிலும் இருவகை உண்டு. என்றோ விழுந்து அப்படியே நின்றுவிட்டது ஒன்று. இன்னும் அகன்று கொண்டே போவது மற்றொன்று. இரண்டாவதுதான் ஆபத்து. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இருபுறமும் ஒட்டி வைப்பது பொறியாளர்களின் பழைய உத்தி. சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்து எச்சரிக்கும். அளந்து பார்ப்பதானால் எப்போதும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். ஏனென்றால் வெயிலில் சுவர் விரிவதால் விரிசலின் அகலம் ஒரு நாளுக்குள்ளேயே மாறும். இது எவ்வளவு முக்கியம் என்பதைக் காளஹஸ்தி காட்டியது. கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய ஏழு நிலை இராஜகோபுரத்தில் விரிசல்கள் தென்பட்டு வந்தன. 2010 மே 26ஆம் நாள் அது முழுவதும் சரிந்து விழுந்தது. இன்று அங்கே நிற்பது புதிதாகக் கட்டிய கோபுரம்.

வைத்தியரின் விதிகள்

1964இல் வெனிஸ் நகரில் கூடிய கட்டடக் கலைஞர்களும் வல்லுநர்களும் தொன்மைச் சின்னங்களைக் காப்பதற்கான நெறிமுறைகளை வகுத்தார்கள். அந்த நெறிகளையும் அதன்பின் கிடைத்த அனுபவத்தையும் சுருக்கி நான்கு விதிகளாகச் சொல்லலாம். ஒன்று, கைவைக்கும் முன் அளந்து, படமெடுத்து, எழுதி வைக்க வேண்டும். இரண்டு, நோயின் காரணத்தை, முக்கியமாக நீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டு அதை முதலில் நிறுத்த வேண்டும். அடைபட்ட மழைநீர்த் தூம்பைச் சுத்தம் செய்வதே சில கட்டடங்களுக்குப் போதுமான வைத்தியம். மூன்று, தேவைக்கு மேல் செய்யக் கூடாது. செய்ததைப் பிற்காலத்தவர் வேண்டுமானால் நீக்கும்படி இருக்க வேண்டும். நான்கு, சான்றில்லாததைக் கற்பனையாகச் சேர்க்கக் கூடாது.

அரசுப் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு இந்த விதிகளை அறிந்த வல்லுநர்கள் இருக்கிறார்கள். ஆனால் நம் ஊர்களில் எந்தப் பட்டியலிலும் சேராத பழைய கோயில்களும் மாதா கோயில்களும் பள்ளிவாசல்களும் மண்டபங்களும் எத்தனையோ உள்ளன. அவற்றின் வைத்தியத்தை முடிவு செய்வது ஊர்ப் பெரியவர்களும் நன்கொடை தருபவர்களும்தான். அவர்கள் செய்வதெல்லாம் அன்பினால் செய்வது. ஆனால் கல்வெட்டின்மேல் பளபளக்கும் பெயிண்டும், சிற்பத்தின் அடியில் சிமெண்டும் அந்த அன்பின் பெயரால்தான் ஏறுகின்றன.

மாணவர்களாகிய நீங்கள் செய்யக்கூடியது உண்டு. உங்கள் ஊரில் உள்ள பழைய கட்டடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நல்ல மழை பெய்து ஓய்ந்தவுடன் சென்று பாருங்கள். நீர் எங்கே தேங்குகிறது, எந்தத் தூம்பு அடைபட்டிருக்கிறது, சுவரில் எந்த உயரம் வரை ஈரம் ஏறியிருக்கிறது, எங்கே உவர் பூத்திருக்கிறது, எங்கே செடி முளைத்திருக்கிறது என்று ஒரு குறிப்பேட்டில் வரைந்து தேதியிட்டு எழுதுங்கள். கல்வெட்டு இருந்தால் பக்கவாட்டு வெளிச்சம் விழும் காலையிலோ மாலையிலோ படமெடுத்து வையுங்கள். எழுத்துகளின்மேல் சுண்ணக்கட்டியோ எண்ணெயோ தடவ வேண்டாம். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் மீண்டும் சென்று ஒப்பிடுங்கள். திருப்பணிக்குச் சாரம் கட்டும் நாளில் ஊர்ப் பெரியவர்களிடம் உங்கள் குறிப்பேட்டைக் காட்டி, எந்தச் சாந்து பூசப் போகிறார்கள் என்று பணிவுடன் கேளுங்கள். சுண்ணாம்பு என்று பதில் வந்தால், கடுக்காய் இடிக்க நீங்களும் ஒரு கை கொடுக்கலாம்.